வாஷி வரைக்கும்

செம்பூரிலிருந்து, வீட்டுக்கு வண்டி மாறுகிற குர்லாவுக்கு ரெண்டே ஸ்டேஷன். நின்றுகொண்டே போய்விடலாம். அதற்குப் போய் எவளாவது எதிர்ப்பக்க வண்டியில் ஏறி, வாஷி வரைக்கும் போய், அதே வண்டியில் உட்கார்ந்தபடி திரும்பி வருவாளா? சகாயராணி வந்தாள். நாலு மாதமாக, ஞாயிறு தவிர, தினமும்.

பம்பாயில் இதற்கு ரிட்டர்ன் என்று பேர். தூரம் போகிறவர்கள் சீட் பிடிக்கச் செய்கிற வேலை. சகாயராணிக்குச் சீட்டெல்லாம் ஒரு சாக்கு. யாரும் அவளைக் கூப்பிடாத முக்கால் மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்? காலை அஞ்சு மணிக்குத் தாராவியில் குழாய்த் தண்ணீர். எட்டிலிருந்து செம்பூர் காலனியில் மூன்று வீட்டுச் சமையல்: ஒரு வீட்டில் வெங்காயம் ஆகாது, ஒரு வீட்டில் உப்பு ஆகாது, மூன்றாவது வீட்டில் அவள் என்ன செய்தாலும் ஆகாது. நாலரைக்கு விட்டால் பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் புருஷன் சேசுராஜ், மகள் ஜெனிட்டா, பலகை அடித்த மேல் தட்டில் கொழுந்தன் குடும்பம். கக்கூஸுக்குப் போனால்கூட வரிசையில் நிற்பவள் கதவைத் தட்டுவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஜெனிட்டா பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். சகாயராணியின் கையிலிருந்த கரண்டி பறந்தது. பிள்ளையின் புருவத்துக்கு மேலே மூன்று தையல். டாக்டரிடம், "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னது ஜெனிட்டாதான். அப்பாவிடமும் அதையே சொன்னாள். பக்கத்தில் பெற்றவள் வாயை மூடிக்கொண்டு நின்றாளே, அன்றைக்குத்தான் சகாயராணிக்குத் தன் கையைக் கண்டே பயம் வந்தது.

மறுநாள் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டாள். லேடீஸ் பெட்டி, ஜன்னலோரம். மான்குர்த் ஸ்டேஷன் தாண்டிக் கடல் பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் அப்படியே தூங்கிப்போனாள். அன்று ராத்திரி யாரையும் திட்டவில்லை. பிறகு வாஷி வரைக்கும் பாஸ் எடுத்தாள். அன்றிலிருந்து கை ஓங்கவே இல்லை.

அந்தப் பாஸ், ஆதார் கார்டு தேடிய சேசுராஜ் கையில் மாட்டியது.

"வாஷில யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"யாருமில்லாத ஊருக்கு எதுக்குட்டி பாஸ்?"

"சும்மா உக்காந்துட்டு வாரேன்."

"சும்மாவா!"

மேல் தட்டில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. எல்லாக் காதும் கீழேதான். சகாயராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் அவன் தையல் கார்கானாவில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அதே வண்டியில் ஏறினான். வாஷியில் அவள் கண் விழித்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே அவன் முகம்.

"யாரையும் காணுமே," என்றான்.

"யாரு வரணும்?"

அவன் சிரித்தேவிட்டான். "லூசு! தூங்கணும்னா வீட்டுல ஆராமா தூங்கேன். யாரு வேண்டாங்கா?" ஓடிப்போய் ஒரு வடாபாவ் வாங்கிவந்து கம்பி வழியாக நீட்டினான். நல்ல மனுஷன்தான், பாவி. வினையே அங்கேதான்.

அடுத்த பாஸை அவனே எடுத்துவந்தான். தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானிலிருந்து செம்பூர், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் பாய் விரித்திருந்தது. "சத்தம் போடாதிய, அவ தூங்கட்டும்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். அவள் படுத்தாள். மேலே மெதுவாக நடந்தார்கள்; மெதுவாக நடப்பது இன்னும் நன்றாகக் கேட்டது. "அம்மா, தூங்கிட்டியா?" என்று ஜெனிட்டா மூன்று தரம் குசுகுசுத்தாள். ஐயோ, இதற்கு அந்தச் சத்தமே தேவலை. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தாள்.

எட்டாம் நாள் ஜெனிட்டா தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்தாள். சகாயராணியின் கை தானாக மேலே போனது. அடிக்கவில்லை. ஆனால் பிள்ளை கண்ணை இறுக மூடி, புருவத்துத் தழும்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டது. சகாயராணி ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் நாலரைக்கு, செம்பூர் டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்றபடி சேசுராஜுக்கு ஃபோன் போட்டாள்.

"இன்னைக்கு லேட்டாவும். வாஷி போயிட்டு வாரேன்."

"மறுபடியுமா? வீட்டுல என்ன கொறச்சல்? ஒடம்புக்கு எதும் செய்யுதா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நேத்து பிள்ளைய அடிக்கக் கை ஓங்கிட்டேன். அன்னைக்கு அவ வழுக்கி விழலங்க. நான்தான் கரண்டிய எறிஞ்சேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"விழுந்துட்டேன்னு அவளே சொன்னாளே?" என்றான்.

"எனக்காகச் சொன்னா." சகாயராணி கவுண்டரில் காசை நீட்டினாள். "நாளைக்கும் போவேன். நாளன்னைக்கும் போவேன். அதுக்கப்புறந்தான் வீடு."

அவன் ஃபோனை வைக்கவில்லை. கவுண்டர்க்காரர் வாஷி டிக்கெட்டைத் தள்ளினார். வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. சகாயராணி ஃபோனைக் காதில் வைத்தபடியே ஓடினாள்.