ராஜாவின் புண்ணும் ஊறுகாயும்

ஊறுகாய்க் கம்பெனியில் லேபிளுக்கு வாசகம் எழுதுகிறவரை எல்லோரும் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் பட்டம் வாங்கிவிட்டுப் பாட்டில் முதுகில் எழுத வந்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் வேலை நிரந்தரமாகும் என்று முதலாளி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது.

“ஊறுகாய்ங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னு பாட்டில் பின்னாடி போடணும்யா,” என்றார் முதலாளி.

“ஊறின காய் ஊறுகாய். அவ்வளவுதான் சார்.”

“அது எங்க வீட்டு நாய்க்கும் தெரியும். ராஜா கீஜா யாராவது வரணும். வந்தா அடுத்த மாசமே உன் வேலை நிரந்தரம்.”

ராஜா வந்தார். போரில் வெட்டுப்பட்டார். ‘ஊறு’ என்றால் காயம். அதை ஆற்றிய காய்தான் ஊறுகாயாம். உப்பையும் மிளகாயையும் புண்ணில் அப்பியிருந்தால் ராஜா சிம்மாசனத்திலிருந்து கூரைக்குத் தாவியிருப்பார் என்பது எழுதியவருக்கே தெரியும். முதலாளிக்கோ கண் கலங்கிவிட்டது.

புலவரின் மகள் நாலாம் வகுப்பு. எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு அப்பாவிடம்தான் வந்து நிற்பாள். அப்பா எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி, பரீட்சையில் ஊறுகாய்க்குப் பொருள் ‘ஊறிய காய்’ என்று எழுதினாள். டீச்சர் முட்டை போட்டார். டீச்சர் வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தது. போதாக்குறைக்கு அவர் முதலாளியின் மச்சினி.

பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள்.

“நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க. நீங்களே சொல்லுங்க சார், எது சரி?” என்றார் டீச்சர்.

மகள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை உத்தரவு முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. புலவர் மகள் பக்கம் திரும்பினார்.

“டீச்சர் சொன்னதுதாம்மா சரி.”

உத்தரவு வந்தது. கூடவே அன்பளிப்பாக ஒரு பாட்டில். அன்று சாயங்காலம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அழவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் பாட்டிலைத் திறந்து ஒரு விரலால் எடுத்துப் புண்ணில் தடவினாள். அப்புறம்தான் அலறினாள்.

புலவர் ஓடிவந்து முட்டியைக் கழுவினார். “யாரும்மா இதைத் தடவச் சொன்னது?”

“நீங்கதானேப்பா சரின்னு சொன்னீங்க.”

“அப்பா பொய் சொல்லிட்டேம்மா.”

“எப்போ? முன்னாடி அர்த்தம் சொல்லிக் கொடுத்தப்பவா, பள்ளிக்கூடத்துலயா?”

“பள்ளிக்கூடத்துல.”

“சரிப்பா,” என்றாள்.

முட்டி ஆறிவிட்டது. லேபிளில் ராஜாவும் சௌக்கியம். மகள்தான் இப்போதெல்லாம் அப்பாவிடம் எதற்கும் அர்த்தம் கேட்பதில்லை. டீச்சரிடம் கேட்டுக்கொள்கிறாள்.