அரைக் கும்பிடு

1

இந்தக் கதை ஒரு கும்பிட்டிலிருந்து வந்தது. கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மலையைப் பார்த்துக் கைகூப்பினார். விரல்நுனிகள் தொட்டுக்கொண்டன, உள்ளங்கைகள் சேரவில்லை. நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகலாம். (சாத்துக்குடி என்று முதலில் எழுதினேன். கொஞ்சம் ஓவராகத் தெரிந்தது.) என்ன திமிர், சாமிக்கே அரைக் கும்பிடா என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் சேராமல் போவதற்குச் சர்க்கரை வியாதியும் காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார்.

அந்த மனிதர் யாரோ. நான் அவருக்குக் கோதண்டராமன் என்று பெயர் வைத்து, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொஞ்சம் நிலமும் எழுதிக்கொடுத்துவிட்டேன். கதை நடக்கும் வருஷம் 1983.

2

கோதண்டராமன் கர்வம் பிடித்தவர் ஆதலால்…

வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். நானும் அவரைச் சந்தேகப்பட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள், பாவம். டாக்டர் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"கும்பிடுங்க," என்றார் டாக்டர்.

"எதுக்குங்க? சாமிய வேண்டிக்கிற அளவுக்கா முத்திப்போச்சு?"

டாக்டர் சிரித்துவிட்டு, சேராத கைகளைப் பிடித்துப் பார்த்தார். "ரத்தத்துல ரொம்ப வருஷமா சக்கரை ஜாஸ்தியா இருந்தா தோலுக்குள்ளயும் போய் ஒட்டிக்கும். தோல் தடிச்சு இறுகிடும், விரல் நேரா நீளாது. வலிக்காது. அதான் யாரும் கண்டுக்கறதில்ல."

கோதண்டராமன் விரலின் பின்பக்கத்தைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மெழுகு தடவினாற்போல் இருந்தது, பிடிக்கு வரவில்லை.

"வெளிய தெரியாம மாத்திர மட்டும் குடுங்க," என்றார்.

மகள் கஸ்தூரிக்குக் கல்யாணம் பேசும்போதே அவருக்குச் சர்க்கரை உண்டு. அப்பனுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்களே என்ற பயத்தில் சொல்லவில்லை. கஸ்தூரியிடமும் வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கியிருந்தார். சம்பந்தி வீட்டில் சர்க்கரை போட்டுக் கொடுக்கும் காபியைச் சிரித்த முகத்தோடு குடித்துவிட்டு வருவார்.

3

சம்பந்தி ஆதிமூலத்துக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை. மரியாதை ஒரு குண்டுமணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கஸ்தூரிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த கோதண்டராமன், வாசலில் நின்று கும்பிட்டார்.

"இன்னா சம்பந்தி, கும்பிடறீங்களா, காத்தப் புடிக்கிறீங்களா?"

"இல்லீங்க, கை வந்து…"

"கல்யாணத்துலயும் பார்த்தேன், வளகாப்புலயும் பார்த்தேன். பொண்ண குடுத்த வீடுன்னு ஒரு மரியாதை வேணாமா? ஒழுங்கா கும்பிடத் தெரிஞ்ச அன்னிக்கு வாங்க, அனுப்புறேன்."*

உள்ளறைக் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி நின்றிருந்தாள். கோதண்டராமன் தனியாக பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரு கையால் மறு கையை அழுத்தி அழுத்தி நீட்டப் பார்த்தார்.

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் மனைவி பாஞ்சாலை. "வியாதிதான, திருட்டா?"

"சொன்னா அவள சீக்காளி வூட்டுப் பொண்ணுன்னு பார்ப்பாங்க. அவ அங்கதான காலம் தள்ளணும்."

(*ஆதிமூலத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தீபக் கூட்டத்தில் நான் மனசுக்குள் சொன்னதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான்.)

4

முடிவுக்கு அலைந்தேன். கோதண்டராமன் சம்பந்தியின் காலில் விழுகிறார், கை சேராவிட்டாலும் முழங்கால் மடங்குகிறதே. எழுதிப் பார்த்தால் கதவோரம் கஸ்தூரி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடித்துவிட்டேன்.

ஆதிமூலமும் அதே டாக்டரிடம் போகிறார், அவருடைய கைகளும்… சீ, இது என் சோம்பேறித்தனம்.

5

ஆகவே இப்படி. மறுவாரம் கோதண்டராமன் மறுபடியும் வந்தார். ஆதிமூலம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் மனைவி சரசுதான் "உக்காருங்க" என்றாள்.

அந்த வீட்டில் விருந்தாளிக்குக் காபி கலப்பது எப்போதும் சரசு. அன்றைக்குக் கஸ்தூரி, "நான் கலக்கறேன் அத்தே" என்று முந்திக்கொண்டாள். சமையலறையில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். என்ன பேச்சென்று கூடத்தில் கேட்கவில்லை.

கஸ்தூரி டம்ளரை நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். சேராத உள்ளங்கைகளுக்கு நடுவில் அது சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"குடிங்க நைனா," என்றாள். பின்னால் சரசு அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காபியில் சர்க்கரை இருந்தால் மகள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள். அவரும் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு, தனியாக பஸ் ஏற வேண்டியதுதான். இல்லாவிட்டால் அவள் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அந்த டம்ளரை எத்தனையோ தடவை அவர் வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஒரு வாய் குடித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காபி ஆறுகிறது. நீங்கள் குடித்துப் பாருங்கள்.