நீலம் கலந்த முதல் கோப்பை

1

நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் என் இரவுப்பணி முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. காருக்குப் பின்னால் பூட்டிய கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, ஓரங்கட்டிவிட்டு வந்த ஒரு பெரியவர் வெகுநேரம் கை கழுவினார். நகக்கண்களில் நீலம். காரில் ஒரு பெண்மணி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தக் கதை பிறந்தது இவ்வளவில்தான். மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல்.

(இன்னொன்றும் பார்த்தேன். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மலிவான தந்திரம்தான்.)

2

முதல் தொடக்கம்: "பிரென்வெல் ஊர் அன்று பூக்களோடு கண்விழித்து..." ஊர்கள் கண்விழிப்பதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கோர்டன் ஹெப்வொர்த் விதிமீறாத மனிதர்." இது இருக்கட்டும்.

பிரென்வெல்லில் ஊர் ஊற்றுக்குப் பூ அலங்காரம் செய்யும் பாரம்பரிய விழாவுக்காகக் கேரவன் கிளப் பள்ளி மைதானத்தில் முகாம் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வட்டமாக நாற்காலி போட்டு எல்லோரும் ஒயின் குடித்துக்கொண்டிருக்க, முகாம் பொறுப்பாளரின் ஆரஞ்சு நிறச் சட்டையில் கோர்டன் எழுந்து நின்றார்.

"கேரவன் கழிவறைப் பெட்டி நெறஞ்சா, அத அந்த மூடி போட்ட குழியில மட்டும்தான் கொட்டணும். வேலியோரம், சாக்கடை, எங்கயும் கூடாது."

"உத்தரவு, போப்பாண்டவரே!" என்றார் ரேமண்ட். வட்டமே சிரித்தது. கோர்டனின் மனைவி மாவிஸும் சிரித்தார்.

மாவிஸுக்குக் குடலில் ஒரு நோய். (பெயரை எழுதி அடித்துவிட்டேன். கிளப்பில் யாருக்கும் அவர் சொல்லாததை உங்களுக்கு மட்டும் ஏன் சொல்லவேண்டும்? ஆனால் பாதியைச் சொல்லிவிட்டேன், இல்லையா?)

3

சனிக்கிழமை காலை. குழிக்குப் போகும் வழியில் ரேமண்ட் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா கோர்டன், மறுபடியும் பெட்டியோட கிளம்பிட்ட? காலையிலேர்ந்து இதே வேலையா இருக்க! அப்படி என்னத்தத்தான் சாப்பிடுறீங்க ரெண்டு பேரும்?"

கோர்டனின் கேரவன் ஜன்னலில் திரை மூடியது.

"இனிமே அந்தாளு முன்னாடி போகாத," என்றார் மாவிஸ், உள்ளிருந்து. அழவில்லை. அழுதிருந்தால் கோர்டன் அடுத்த முறையும் குழிக்கே போயிருப்பார்.

அடுத்த முறை அவர் வேலிக்குப் பின்னால் போனார். புல்லுக்குள் பழைய இரும்புக் கம்பிவலை ஒன்று. மழைநீர் வடிகால் என்று நினைத்தார். பெட்டியின் மூடியைத் திருகி அதில் கொட்டும்போது கைநழுவி, நாற்றம் அடக்கும் நீல மருந்து விரலெல்லாம் வழிந்தது.

4

நண்பகல். பள்ளி மைதானத்துக்குக் கீழே இருக்கும் ஊர் ஊற்றைச் சுற்றிக் களிமண்ணில் பூவிதழ் பதித்த சித்திரங்கள். வழக்கம் இதுதான்: பாதிரியார் அம்மா (ஊர்த் தேவாலயத்தின் பெண் பாதிரியார்) ஊற்றை ஆசீர்வதித்து முதல் கோப்பையைக் குடிப்பார், பிறகு குழந்தைகள். அவர்கள் காகிதக் கோப்பைகளோடு வரிசையில் நின்றார்கள்.

தண்ணீரில் லேசான நீலம்.

"பாருங்க, இந்த வருஷம் வானமே இறங்கி வந்திருக்கு!" என்றார் பாதிரியார் அம்மா. கூட்டம் கைதட்டியது.

"சாயம் போட்டிருக்காங்கப்பா. அழகா இருக்குல்ல?" என்றார் ரேமண்ட்.

மாவிஸ் தண்ணீரைப் பார்த்தார். கணவரின் விரல்களைப் பார்த்தார்.

"எங்க கொட்டின?"

கோர்டன் வாய் திறந்தால் குழந்தைகள் தப்பிப்பார்கள். ஆனால் அடுத்த கேள்வி, ஏன் குழிக்குப் போகவில்லை என்பது. அதற்கான பதில் பக்கத்திலேயே நிற்கிறது, நல்ல தொப்பி போட்டுக்கொண்டு.

5

முடிவு ஒன்று: "குடிக்காதீங்க!" என்று கோர்டன் கத்துகிறார். "ஏம்ப்பா, குழிதான் அங்கயே..." என்று ரேமண்ட் தொடங்குகிறார். அதற்குமேல் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: கத்தவில்லை. பாதிரியார் அம்மா குடிக்கிறார், முகம் சுளிக்கிறார், சிரிக்கிறார், குழந்தைகளுக்கு வழிவிடுகிறார். முழுதாக எழுதினேன். கோர்டன் இடத்தில் நான் நின்றிருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

முடிவு மூன்று: மாவிஸ் கத்துகிறார். "குடிக்காதீங்க! அது என்னோடது!" படித்த நண்பன் பிரமாதம் என்றான். அதனால்தான் சந்தேகம். கோர்டன் செய்த காரியத்துக்கு மாவிஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அதற்குத் தைரியம் என்று பெயர் வைக்கிறேன்.

6

கடைசிக்கு வைத்திருந்தது: கை கழுவிய பெரியவர் என்னிடம் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார். மூடியைத் திறந்து, பாட்டிலின் வாயைத் தன் சட்டையில் துடைத்து, கார் ஜன்னல் வழியாக நீட்டினார். அந்தப் பெண்மணி வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

எந்த முடிவிலிருந்து அவர்கள் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

கோப்பை இன்னும் பாதிரியார் அம்மாவின் கையில்தான் இருக்கிறது. கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். உங்களுக்கும் இப்போது தெரியும்.