பதினேழு டிராயர் வைத்த ரம்ப ஸ்டாண்டு

மீட்டர்காரர் வீட்டு ரம்ப ஸ்டாண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தானாகக் கிளம்பி வெளியே போனது. ஆறேகால் மணிக்குத் திரும்பி வந்தது. போகும்போது பதினேழு டிராயர்களும் ஒழுங்காக மூடியிருந்தன. ஒயர் சுருட்டப்பட்டு, பிளக் மட்டும் மேலே தெரியும்படி செருகியிருந்தது. தெருமுனையில் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு அது ஓரமாக நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அதன் மேல் ஒரு கைப்பிடி மரத்தூள் இருந்தது. ஸ்டாண்டு வெளியே போய் வந்ததை மீட்டர்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மரத்தூளைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எழுதுவதுதான் வேலை. சொந்தமாக ஓர் எண்ணை எழுதியதில்லை, எழுதியதை அடித்ததும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற மாதம் மனைவிக்கு முழங்கால் வீங்கியது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, நின்றபடி சமைக்க வேண்டாம், உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்யுங்கள் என்றார். கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று மனைவி வாயெடுப்பதற்குள், நானே செய்து தருகிறேன் என்று மீட்டர்காரர் சொல்லிவிட்டார். ஸ்டூல் செய்ய ரம்பம் வேண்டும். மனைவியின் தம்பி ஹார்டுவேர் கடை வைத்திருந்ததால் மோட்டாரில் ஓடும் மேசை ரம்பம் ஒன்று அந்த வாரமே வந்து இறங்கியது. ரம்பத்தைத் தரையில் வைத்து அறுக்க முடியாது, அதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு என்று ஆனபின் அடியில் இருக்கும் இடத்தைச் சும்மா விடுவானேன், சாமான் வைக்க டிராயர் போடலாம். இப்படி நான்கு வருடம் போனது.

நான்கு வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு, கார் இல்லாத கார் ஷெட்டுக்குள் போவார், ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். ஸ்டாண்டு இல்லாமல் மோட்டார் ரம்பத்தை ஓட்டக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆகவே அந்த ரம்பத்துக்கான ஸ்டாண்டு முழுவதையும் கை ரம்பத்தால் அறுத்தார். அதுவரை உளிகள் செருப்பு அலமாரியிலும், ஸ்க்ரூக்கள் சர்க்கரை டப்பாவிலும், இழைப்புளி தலையணைக்குப் பக்கத்திலும் இருந்தன. இனி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஸ்க்ரூக்களுக்கு நீளவாரியாக ஐந்து டிராயர். பென்சிலுக்கு ஒன்று, தேய்ந்த பென்சிலுக்கு ஒன்று. ஸ்டாண்டின் வரைபடங்களை வைக்கவே ஸ்டாண்டில் ஒரு டிராயர். இன்னும் தோன்றாத பொருளுக்காக ஒரு காலி டிராயர். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்க வேண்டும், மூலைமட்டத்தை வைத்தால் ஒரு தாள்கூட நுழையக் கூடாது. தாள் நுழைந்த டிராயர்கள் தள்ளிவைக்கப்பட்டன. அப்படித் தள்ளியவற்றில் மனைவி வெங்காயம் போட்டு வைத்தாள். மற்றபடி அவள் அடுப்படியில் வலது காலில் பத்து நிமிடம், இடது காலில் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றி நின்றாள்.

தம்பி வரும்போதெல்லாம் ஷெட்டை எட்டிப் பார்ப்பான்.

"என்ன மாமா, அக்காவோட ஸ்டூல் எந்த டிராயர்ல இருக்கு?"

"முதல்ல ஸ்டாண்டு முடியட்டும் மாப்ள."

"அக்கா, பேசாம ஒரு டிராயரைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கயேன்."

"உக்காரலாம். அப்புறம் வெங்காயத்தை உன் தலையிலயா வைக்கிறது?" என்பாள் அக்கா.

ஒருவழியாக ஸ்டாண்டு முடிந்தது. பூட்டு வைத்த நான்கு சக்கரம், கீழே பதினேழு டிராயர், மேலே ரம்பம். அதன் பிறகும் மீட்டர்காரர் அதில் ஒரு குச்சியைக்கூட அறுக்கவில்லை. அறுத்தால் தூள் பறக்கும், தூள் டிராயருக்குள் போகும்; ஆகவே தூள் பிடிக்க முதலில் ஒரு பை தைக்க வேண்டும் என்றார். தினமும் காலையில் ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்த்து, மூடி, துணியால் துடைத்துவிட்டு வருவார். மூன்று மாதம் இப்படிப் போனது. அதன் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

மரத்தூளின் வழியைப் பிடித்துக்கொண்டு மறுநாள் அவர் தெருமுனைத் தையல்காரரின் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். துணி வெட்டும் மேசைக்குப் புதிதாக ஒரு கால் முளைத்திருந்தது.

"நீங்க அனுப்பி வச்சதுன்னுல்ல நினைச்சேன்," என்றார் தையல்காரர். "வாசல்ல வந்து பிளக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும் சார்? ஸ்க்ரூ இல்லையேன்னு யோசிச்சேன், அதுவே ஒரு டிராயரைத் திறந்து குடுத்துச்சு. ஒண்ணேகால் இஞ்சு."

"ஒண்ணேகாலா? இந்தக் கனத்துக்கு ஒண்ணரை போட்டிருக்கணும்," என்றார் மீட்டர்காரர்.

வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரங்களையும் பூட்டினார். அது பூட்டிய சக்கரங்களோடு தேய்த்துக்கொண்டு போனது. சிமென்ட் தரையில் நான்கு கோடுகள் இன்றும் இருக்கின்றன. அடுத்த முறை வாசல் கேட்டோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டினார். அது கேட்டையும் இழுத்துக்கொண்டு போனது. போகிற வழியில் வெல்டிங் பட்டறைக்காரர், கேட் எப்படியும் வந்துவிட்டதே என்று கீலைச் சரிபண்ணி அனுப்பினார். பல வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கேட் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அத்துடன் மீட்டர்காரர் கட்டுவதை விட்டுவிட்டார்.

தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. அறுக்க வேண்டிய மரத்தைச் செவ்வாயும் வியாழனும் வாசலில் எடுத்து வைத்தார்கள். கழுவிய படியில் தூள் சிந்துகிறது என்று ஒரே ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தது. நீளப் பலகையோடு அது சாலையைக் கடந்தபோது போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, பலகையின் நுனியில் சிவப்புத் துணி கட்டாமல் இனி வரக் கூடாது என்று எச்சரித்து, தானே ஒரு துணியையும் கட்டிவிட்டார். திரும்பி வரும்போது டிராயர்களில் ஏதாவது இருக்கும். சில நாள் சட்டைப் பொத்தான்கள், சில நாள் மடித்த கைக்குட்டை. ஒருமுறை, 'அலமாரி நன்றாக இருக்கிறது, பூனை இறங்க மாட்டேன் என்கிறது' என்று எழுதிய துண்டுத்தாள். மீட்டர்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு அங்குல ஸ்க்ரூ டிராயரில் பொத்தான் கிடக்கிறதே என்று வருத்தப்படுவார்.

மீட்டர்காரர் மனைவிக்கு மட்டும் ஸ்டூல் வரவில்லை. நான் செய்து தரட்டுமா அக்கா என்று தையல்காரர் கேட்டார். வேண்டாம், அவர் செய்யறேன்னு சொல்லியிருக்கார் என்று அவள் சொல்லிவிட்டாள். ஸ்டாண்டுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை காலை அது ஷெட்டிலிருந்து கூடத்துக்குள் வந்து, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் போய் முட்டியது. ஷெட்டின் கதவை நூறு முறை அளந்த மீட்டர்காரர் வீட்டுக் கதவுகளை அளக்க மறந்திருந்தார். ஸ்டாண்டு ஓர் அங்குலம் அகலம் கூடுதல். அது நேராக முட்டியது, சாய்வாக முட்டியது, பிறகு பிளக்கை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அவள் ஒற்றைக்காலில் நின்றபடி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ வந்து என்ன பண்ணப் போற? உனக்குக் கை இருக்கா? கை இருக்கிறவரு தினம் உன்னைத் துணி வச்சுத் துடைக்கிறதோட சரி," என்றாள்.

ஸ்டாண்டு பிளக்கை இழுத்துக்கொண்டு, வந்த வழியே பின்னால் நகர்ந்து போனது. அன்று சாப்பாட்டின்போது அவள் கணவரிடம் சொன்னாள்: "என்னங்க, ஞாயித்துக்கிழமை தம்பி வண்டியோட வர்றான். போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிட்டு வந்துர்றேன். எனக்கு முடியல."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பிளாஸ்டிக் என்ற சொல் அவர் தட்டில் விழுந்து கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு எழுந்தார். நான்கு வருடத்தில் முதல் முறையாக, நாளைக் காலை ஸ்டூலைத் தொடங்கிவிடுவது என்று முடிவுசெய்தார். மறுநாள் வியாழக்கிழமை. பென்சில் சீவி, படம் வரைந்து, படத்தைத் திருத்தி முடிப்பதற்குள் மணி மூன்றரை ஆகிவிட்டது. ஸ்டாண்டு போய்விட்டது. அன்று ஆறேகாலுக்கு அது வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

சனிக்கிழமை காலை குடையையும் மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வாசலிலும் தொண்டையைக் கனைத்து "மீட்டர்" என்றார். அவர்களும் பழக்கதோஷத்தில் கதவைத் திறந்தார்கள். திறந்தவர்கள் எல்லாரும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். அலமாரிகள், பெஞ்சு, பொம்மை வண்டி, பூனை இறங்காத அந்த அலமாரித் தட்டு. மீட்டர்காரர் எல்லாவற்றிலும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட நேராக இல்லை. தையல்காரரின் மேசை ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. துணி தன் பக்கமாக வழுக்கி வருவது வசதியாக இருக்கிறது என்றார் தையல்காரர். கோணல் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எழுந்திருக்கச் சொல்லி அளந்து காட்டியும், சரிங்க சார் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

சலவைக்கடையின் பின்புறத்தில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே ஸ்டாண்டு நின்றது. சலவைக்கடை அம்மாவுக்கு இஸ்திரி மேசை செய்து முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மீட்டர்காரர் தள்ளினார். அசையவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"நானும் தள்ளிப் பாத்துட்டேன் சார்," என்றார் சலவைக்கடை அம்மா. "வேலை குடுத்தாதான் கிளம்பும் போல. பழைய கட்டில் சட்டம் ஒண்ணு கிடக்கு, வேணும்னா எடுத்துக்கங்க. உங்க வீட்டுலதான் ஏதோ ஸ்டூல் கேட்டாங்களாமே."

தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பிளக்கை எடுத்துச் செருகினார். பென்சில் டிராயர் திறந்தது. சட்டத்தை அளந்தார், மறுபடி அளந்தார், மூன்றாவது முறை அளந்து பென்சிலை நக்கிக்கொண்டு நின்றார். கோட்டை அழிக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது. முப்பத்தோரு வருடம் அவர் பயந்தது இதற்குத்தான்.

"போர்வை காயறதுக்குள்ள அறுத்துருவீங்களா சார்?" என்றார் சலவைக்கடை அம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அவர் அறுத்தார். ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிட்டது. முதல் கால் அச்சாக வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவது வந்தபோது அவர் முகமே மலர்ந்துவிட்டது. நான்காவதை அறுக்கையில், எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். டேப்பை வைத்தபோது அது முக்கால் அங்குலம் குட்டை என்றது. திருப்பி வைத்தார், அப்போதும் முக்கால்தான். மீட்டர் காட்டுவதை மாற்றி எழுதாத மனிதர், ஆகவே முக்கால் என்றே ஒப்புக்கொண்டார். வேறு சட்டம் இல்லை. மற்ற மூன்றையும் குட்டையாக்கிவிடுங்களேன் என்று வேலிப்பக்கத்திலிருந்து யோசனை வந்தது. அந்த வழியில் போனவர்கள் கடைசியில் வெறும் பலகையில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். இதைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல மரம் வாங்கி மறுபடி தொடங்கலாம் என்றும் தோன்றியது. அது எத்தனை வருடத்துக்கான யோசனை என்று அவருக்கே தெரியும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. குட்டைக் காலையும் சேர்த்து நான்கையும் பலகையில் முடுக்கினார். கடைசி ஸ்க்ரூ இறங்கியதும் ஸ்டாண்டு தானே நகர்ந்து சலவைக்கடை வாசலருகே போய் நின்றது. அதன் மேல் ஸ்டூலைத் தூக்கி வைத்து, ஸ்டூலின் ஒரு காலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, கூடவே நடந்தார்.

மனைவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் ஸ்டூலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒரு கால் முக்கால் இஞ்சு குட்டை."

அவள் ஸ்டூலைப் பார்த்தாள், அவர் தலையில் இருந்த மரத்தூளைப் பார்த்தாள். "நாலு வருஷத்துக்கு முக்கால் இஞ்சுதானே? வைங்க கீழ."

வைத்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குட்டைக் காலுக்கு அடியில் சமையலறைத் தரை முக்கால் அங்குலம் எழும்பிக் கொடுத்தது. அவசரமில்லாமல், பால் பொங்கி வருவதுபோல எழும்பி, காலைத் தொட்டதும் நின்றுவிட்டது. ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் இருந்தது. அவள் வீங்கிய காலை நீட்டிப் பெருமூச்சு விட்டு, அந்த முறத்தைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்க என்றாள்.

மறுநாள் தம்பி வண்டியோடு வந்து, ஸ்டூலைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். அவனுக்குத் தரை எழும்பவில்லை.

"என்ன மாமா இது, கப்பல்ல உக்காந்த மாதிரி ஆடுது."

"உன்னை யாரு உக்காரச் சொன்னா? எந்திரி," என்று அக்கா சொல்லி உட்கார்ந்தாள். ஆடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால் அங்கே எழும்புகிறது, பழைய மேடு ஒரு பாத்திரம் கழுவும் நேரத்தில் அடங்கிவிடுகிறது. தரை துடைக்கும்போது மட்டும் பார்த்துத் துடைக்க வேண்டும்.

செவ்வாயும் வியாழனும் மீட்டர்காரர் ஸ்டாண்டோடு கூடவே போய் வருகிறார். தலையெல்லாம் மரத்தூளாக வருகிறார். இப்படியே எத்தனை நாள் தரையை நம்புவது என்று ஒரு வியாழக்கிழமை, குட்டைக் காலுக்கு அண்டக் கொடுக்க முக்கால் அங்குலக் கட்டை ஒன்றை அறுத்து, இழைத்து, கொண்டுவந்து நீட்டினார். அளவு மிகச் சரியாக இருந்தது. அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், ஸ்டூலிலிருந்து எழுந்திருக்காமலே கையை நீட்டி, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.