ஜெபமாலை டப்பாவில் மாத்திரை

...சீட்டு சுரூபத்தின் காலடியில்தான் இருக்கும், வேறெங்கே போகும், ராயபுரத்தில் எங்கள் வீட்டில் டாக்டர் சீட்டு எதுவானாலும் அந்தோணியார் காலடியில் மூன்று நாள் இருந்தாக வேண்டும், அப்புறம்தான் மருந்து வேலை செய்யும் என்பது ஹில்டாவின் சட்டம்... விமானம் ஏறும் நேரத்தில் கட்டினவளைத் திட்டக்கூடாது, ஆனாலும் ஹில்டா, மாத்திரையைக் கடைக்கவரிலிருந்து எடுத்து ஜெபமாலை டப்பாவில் மறைக்கத் தெரிந்த உனக்குச் சீட்டை எடுத்துத் தரத் தெரியவில்லையா? மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்கிறேன், முன்னால் நாலு பேர், பின்னால் தாமஸ், இரண்டு பேரும் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். விமானத்தைக் கடத்துகிறார்களாம், அதனால் இப்போதெல்லாம் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். என் பயம் வேறே. இது காக்காவலிப்புக்கான மாத்திரை என்று தாமஸ் காதில் விழுந்தால் போச்சு, கம்பெனியில் சொல்லி எனக்குக் கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சு ஓட்டுகிற வேலையை வாங்கித் தந்தவனே அவன்தான், வலிப்புக்காரனை நம்பி எவன் வின்ச்சைக் கொடுப்பான்? கடைசியாக வந்தது போன தவக்காலத்தில், ஹில்டா மட்டும்தான் பார்த்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வேலையும் இல்லையென்றால் நாற்பது வயதில் மறுபடியும் துறைமுகத்தில் மூட்டைதான்.

போலீஸ்காரர் டப்பாவைக் குலுக்கினார். மூடியில் மாதா படம், உள்ளே ஜெபமாலை மணியின் சத்தம் இல்லை. திறந்தார். "இன்னா மாத்திரை இது? சீட்டு எங்கே?" "வயித்து வலி சார், சீட்டு வூட்ல கீது" என்றேன், பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, பூசையில் பதில் சொல்வதுபோல... அவர் நம்பவில்லை, என் முகத்தையும் மாத்திரையையும் மாறிமாறிப் பார்த்தார். அதற்குள் தாமஸ், "இன்னா மாமு, முன்னாடியே சொல்ல மாட்டே? காத்தாலேர்ந்து என் வயிறும் பேஜாராக் கீது, எனக்கும் ரெண்டு குடு" என்று கையை நீட்டிவிட்டான். "குடுய்யா, அவரு போடட்டும் பாக்கலாம்" என்றார் போலீஸ்காரர்.

கொடுத்தால் என்ன? இதைப் போட்டால் தூக்கம்தான் வரும், தூங்குவான், பம்பாய் வரை குறட்டை விட்டுத் தூங்கட்டும், என் வேலை பிழைக்கும்... இரண்டு மாத்திரையை எடுத்துக்கூட விட்டேன். நீட்டிய அந்தக் கையைப் பார்த்தேன். கப்பலில் நான் மேலே வின்ச்சில், கீழே சரக்கு அறையில் நின்று எனக்குக் கை காட்டப் போகிறவன் தாமஸ். அவன் தலைக்கு மேல் இரண்டு டன் பாரம் தொங்கும்போது எனக்கு வலிப்பு வந்தால்? யாருக்குத் தெரிந்துவிடுமோ என்றுதானே நானும் ஹில்டாவும் இத்தனை நாள் நடுங்கினோம், கீழே எவன் நிற்பான் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லையே, சீ, என்ன மனிதன் நான்.

"வேணாம் தாமஸ்," என்றேன், "இது வயித்துக்கு இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?" என்றான் சிரித்துக்கொண்டே. நீட்டிய கையை அவன் இன்னும் மடக்கவில்லை.