சராசரித் தண்ணீர்

மோகன்குமார் சரிதாவைக் கேட்காமலே காலிக் கட்டங்களை எல்லாம் நிரப்பி வைத்திருந்தார். நாமக்கல் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளின் கணக்கெடுப்பு அது. நீர்மட்டம் பதிவாகாத இடங்களில் எல்லாம் மாவட்டச் சராசரி உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த அந்தச் சின்ன ஆய்வு நிறுவனத்தில் புள்ளியியல் படித்தவள் அவள் ஒருத்திதான். மோகன்குமார் அதன் இயக்குநர்.

"சார், மோகனூர் காவிரிக்கரை. திருச்செங்கோட்டுப் பக்கம் எத்தனை அடி போர் ஓட்டினாலும் புழுதிதான் வருது. ரெண்டையும் சேர்த்துச் சராசரி போட்டா அது எந்த ஊர்த் தண்ணிங்க?"

"காலியா அனுப்பினா மாவட்ட அலுவலகத்துல திருப்பி அனுப்புவாங்கம்மா. இதை வெச்சுத்தான் எந்த ஊருக்கு டேங்கர் லாரின்னு முடிவு பண்றாங்க."

அதனால்தானே கேட்கிறேன் என்று முணுமுணுத்தபடி மூலக்கோப்பைத் திறந்தாள். காலிக் கட்டங்கள் பரவலாக இல்லை. மேற்கே பாறைக்காட்டு ஊர்களில் மொத்தமாகக் குவிந்து கிடந்தன. மறந்துபோய் விட்டதென்றால் இப்படியா குவியும்? அங்கே கணக்கெடுத்த பூபதியைப் போனில் கூப்பிட்டாள்.

"தண்ணியே இல்லாத கெணறுங்க மேடம். வத்திருச்சுன்னு போட உங்க போன் ஆப்புல எடமே இல்லீங்களே. அதான் காலியா உட்டுட்டனுங்க."

அந்தச் செயலியை வடிவமைத்தவர் மோகன்குமார். சரிதா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, அங்கெல்லாம் சைபர் போட்டுரு."

"சைபர்னா தரைமட்டத்துல தண்ணி நிக்குதுன்னு அர்த்தம் சார்!"

பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. நாளைக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் பூபதியோடு ஊர் ஊராகப் போனில் விசாரித்தாள். வற்றியவற்றை வற்றியவை என்றே குறித்தாள். பூட்டிய தோட்டம், பழுதான கருவி என்று நிஜமாகவே அளக்காமல் விட்டவை கொஞ்சம்தான். அவற்றுக்கு அதே பாறை வகையில் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்து, இத்தனை அடிக்கும் இத்தனை அடிக்கும் நடுவே இருக்கலாம் என்று மதிப்பிட்டாள்.

"எதுக்கும்மா ரெண்டு நம்பர்? ஒண்ணாக் குடுத்தா என்ன?"

"ஒண்ணாத் தெரிஞ்சா குடுக்க மாட்டனுங்களா சார்?"

அப்படியேதான் அனுப்பினாள். அடுத்த வாரம் பூபதி கூப்பிட்டான்.

"டேங்கர் வந்துதுங்க மேடம். மறுபடி எப்ப வரும்னு சனம் கேக்குதுங்க."

"அது எனக்கெப்படிப்பா தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள்.

"இரு, கேட்டுச் சொல்றேன்" என்று அடுத்த நொடியே சொல்லி, மாவட்ட அலுவலக எண்ணைத் தேடத் தொடங்கினாள்.