பச்சைக் காருக்கு ஒரு தண்ணி டப்பா

நெய்வேலியில் ஒருவர் ரிட்டயர் ஆனால் அவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஆளுயர மாலை போட்டு, அலங்கரித்த வண்டியில் உட்காரவைத்து, முன்னால் மேளமும் சரவெடியுமாக நடை வேகத்தில் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் கலைவார்கள். வழியில் ரவுண்டானா வந்தால் அங்கே நின்று ஒரு ஆட்டம். அன்றைக்கு ஒரு நாள் அவர் மறுபடியும் மாப்பிள்ளை.

நிலக்கரி மைன்ஸில் பம்ப் செக்‌ஷன் ஃபோர்மேனாக இருந்த ஜெயராமனுக்கு இந்த மரியாதை பாதி வழிவரைக்கும்தான் கிடைத்தது. மீதி வழிக்கு அவர் மாலையும் கழுத்துமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எல்லாம் அவருடைய காரால் வந்த வினை.

அது அமெரிக்கக் கார். அறுபத்தொன்பதாம் வருஷத்து மாடல், இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஒரு கட்டிலைப் போடுகிற அளவுக்கு நீளமான பானெட். அந்த ஊர் இளவட்டங்கள் சீறிக்கொண்டு போவதற்கென்றே செய்தது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் ஜெயராமன் அதைக் கண்டுபிடித்தபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டுக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஷிஃப்ட் முடிந்த நேரமெல்லாம் அதற்கே கொட்டி, ஓடவைத்து, பச்சைப் பெயின்ட் அடித்தார். ஆனால் ஒரு குறையை மட்டும் அவரால் தீர்க்க முடியவில்லை. சூடானால் ரேடியேட்டர் தண்ணீர் பெருகி, மூடியை நெட்டித்தள்ளி, கழுத்தோரம் இருக்கிற சின்னக் குழாய் வழியாக ரோட்டில் கொட்டிவிடும். வேகமாகப் போனால் எதிர்காற்று காப்பாற்றும். நடை வேகத்தில் போனால் போச்சு.

அவருடைய ஊர்வலத்தில் அதுதான் நடந்தது. டவுன்ஷிப் நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் கார் புகைந்து நின்றது. பதற்றத்தில் ஜெயராமன் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருக, துருத்தண்ணீர் பீறிட்டு, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்த மனைவி திலகவதியின் மாம்பழ நிறப் பட்டுப்புடவை முந்தானையை நனைத்தது. நல்லவேளை, உடம்பில் படவில்லை. ஆனால் அந்தக் கறை கடலூர் டிரைகிளீனிங் வரைக்கும் போயும் போகவில்லை.

இப்போது மே மாதக் கடைசியில் திலகவதிக்கு ரிட்டயர்மென்ட். தெர்மல் மின்நிலையத்தில் பாய்லருக்குத் தண்ணீர் பார்க்கிற பிரிவில் வேலை. அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"கம்பெனி பஸ்லதான் வேலைக்குப் போனேன். கடைசி நாளும் அதுலயே வந்துடுறேன். உங்க வண்டில ஏற மாட்டேன்."

ஜெயராமனுக்குச் சோறு இறங்கவில்லை. விடியற்காலை ஷிஃப்டுக்கு டிஃபன் பையைத் தூக்கிக்கொண்டு இந்த மனுஷி எத்தனை வருஷம் பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள்! ஒரே ஒரு நாளாவது தன் காரில், தான் ஓட்ட, மகாராணி மாதிரி அவளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அவருக்கு அதைத் தவிர வேறு ஆசை அப்போது கிடையாது.

பண்ருட்டியில் பழைய ஸ்பேர் கடை வைத்திருக்கும் கலியனிடம் போனார்.

"இப்ப வர்ற வண்டில எல்லாம் வெள்ளையா ஒரு டப்பா இருக்குது பாத்தீங்களா சார்? கொதிக்கிற தண்ணி ரோட்டுக்குப் போவாம அதுல போயி குந்திக்கினு இருக்கும். உங்க வண்டிக்கு அத்த வச்சுடுங்க" என்றான் கலியன்.

உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிற, மேலும் கீழும் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை ஜெயராமன் வாங்கிவந்து, பானெட்டுக்குள் ஓரமாக முடுக்கினார். ரேடியேட்டர் கழுத்துக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை இழுத்து டப்பாவின் வாய்க்குள் விட்டார். டவுன்ஷிப்பை நடை வேகத்தில் ஒரு சுற்று சுற்றினார். ரோட்டில் ஒரு சொட்டு இல்லை! வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் கிளப்பினால், பாதி தூரத்தில் கார் கொதித்தது. திறந்து பார்த்தார். டப்பா நிரம்பி வழிந்தது. ரேடியேட்டரோ காய்ந்துகிடந்தது.

அவர் யோசித்தார். யோசித்து, டப்பா சின்னது என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த நாளே ஒரு பெரிய எண்ணெய் கேனைக் கயிறு போட்டு உள்ளே கட்டினார். பானெட் மூடவில்லை. அதையும் கயிறு போட்டுக் கட்டினார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த திலகவதி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பினாள். முடியவில்லை.

"ஏங்க, இது என்ன?"

"டேங்க்."

"நம்ம மாடில இருக்கறதையும் கழட்டி வச்சுடுங்களேன். சரி, தண்ணி வெளிய வருதில்ல, அது எங்க போவுது?"

"கேனுக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரோட்டுல கொட்டல இல்ல?"

திலகவதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மைன்ஸ் ஆளுங்கறது சரியாத்தான் இருக்கு. அங்க தண்ணின்னா உங்களுக்கு எதிரி. ஊறுறத எறைச்சு வெளிய தள்ளிட்டா வேலை முடிஞ்சுது. எங்க தெர்மல்ல ஆவியாப் போனது தண்ணியாத் திரும்பி வந்தாத்தான் எங்களுக்கு உசுரு வரும். வண்டி ஆறினா போன தண்ணிய அதுவே திரும்ப உறிஞ்சிக்கணும். உங்க ஹோஸ் மேலேயே தொங்குது. காத்தைத்தான் உறிஞ்சும். அடிவரைக்கும் முங்கி இருக்க வேணாமா?"

மைன்ஸை இழுத்ததில் ஜெயராமனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கேனை அவிழ்த்துப் பழைய டப்பாவையே மாட்டி, ஹோஸை அடிவரைக்கும் இறக்கினார். அப்போதும் தண்ணீர் திரும்பவில்லை. மறுபடியும் கலியனிடம் ஓடினார்.

"மூடிய மாத்துனீங்களா சார்?"

"எந்த மூடிய?"

"ரேடியேட்டர் மூடிதான். பழைய மூடி மேல்வாய அடைக்காது, அது வழியா காத்த இழுத்துக்கினு போயிடும். இந்தா, இதுல பாருங்க, மேலயும் ரப்பர், கீழயும் ரப்பர். நடுவுல சின்ன வால்வு. ஆறினா தொறந்து தண்ணிய உள்ள வுடும்."

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"நீங்க டப்பாதான சார் கேட்டீங்க?"

புது மூடி போட்டதும் ஜெயராமன் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும்வரை இன்ஜினை ஓடவிட்டார். டப்பாவில் தண்ணீர் ஏறியது. அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஏறிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பழைய கோட்டுக்கே வந்து நின்றது. அவர் போட்ட கூச்சலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த திலகவதி எழுந்து வந்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

அவள் வாயிலிருந்து வரும் 'ம்' லேசுப்பட்டதல்ல. கல்யாணமானதிலிருந்து எண்ணினாலும் ஒரு கையின் விரல்களே போதும். கீரைக்குத் திரும்பிப் போகிறபோது, "சரி, வரேன்" என்றும் சொன்னாள்.

அந்த நாளுக்கென்று அவள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுப்பட்டு எடுத்து பீரோவில் வைத்திருந்தது ஜெயராமனுக்குத் தெரியும். அந்தப் பட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று காருக்கு மஞ்சள் சாமந்தி மாலையாகத் தேடி வாங்கினார். விடிந்ததும் அலங்கரிக்கப் போய்விட்டதால் அன்று அவளைப் பார்க்கவே இல்லை. பிற்பகல் தெர்மல் வாசலில் மேளத்தோடு காத்திருந்தார். மாலையோடு அவள் வெளியே வந்தாள்.

கட்டியிருந்தது மாம்பழ நிறப் பட்டு. முந்தானையில் அதே கறை.

ஜெயராமனுக்கு முகம் விழுந்துவிட்டது. மறுபடியும் கொட்டினால் கொட்டட்டும், ஏற்கெனவே பாழானதுதானே என்று கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்! 'வரேன்' என்றது வாய்தான், மனசு வரவில்லை. போதாததற்கு அவள் செக்‌ஷன் சிங்காரவேலு வேறு குனிந்து, "சார், கவலைப்படாதீங்க. எதுக்கும் பின்னாடியே ஒரு மினி வேன் வருது" என்றார். திரும்பிப் பார்த்தால், ஆஸ்பத்திரி வண்டி மாதிரி அது நின்றுகொண்டிருந்தது.

ஊர்வலம் கிளம்பியது. கத்திரி முடிந்ததே தவிர வெயில் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ரவுண்டானாவில் மேளக்காரர்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சிங்காரவேலு சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றி ஆடினார். ஜெயராமனின் கண் மட்டும் சூடு காட்டுகிற மீட்டர் முள்ளை விட்டு நகரவில்லை. முள் ஏறியது. மேலும் ஏறியது. முன்னாலிருந்து களகளவென்று ஒரு சத்தம்.

"ஒதுங்குங்க! ஒதுங்குங்க! கொட்டப்போவுது!" என்று சிங்காரவேலு கத்த, கூட்டம் தாவி விலகியது. எல்லாருக்கும் பழைய ஞாபகம். மினி வேன்காரர் தயாராகக் கதவைத் திறந்துவிட்டார்.

ஜெயராமன் இன்ஜினை அணைத்தார். பக்கத்தில் பார்த்தால் திலகவதியைக் காணோம். மாலையோடு இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவரும் ஓடிப்போய் நின்றார். டப்பாவில் தண்ணீர் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். தார் ரோடு காய்ந்துகிடந்தது.

"மூடில யாரும் கைவைக்கக் கூடாது" என்றாள் திலகவதி, ஷிஃப்டில் ஆட்களிடம் சொல்கிற குரலில். "நீங்களும்தான். வேன்ல இருக்கற மோர எல்லாருக்கும் குடுங்க. கொஞ்ச நேரம் நிப்போம்."

மரநிழலில் மோர் போனது. அவள் மட்டும் நகரவில்லை. வெயிலில், மாலை வாட வாட, டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயராமன் அவளுக்குத் துண்டால் விசிறினார். எவ்வளவு நேரமோ.

"எறங்குது" என்றாள் திலகவதி.

எறங்கத்தான் செய்தது. கண்ணுக்குத் தெரிய எறங்கியது. மோர் தம்ளரோடு கூட்டம் வந்து எட்டிப்பார்த்தது. தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டதும் சிங்காரவேலு விசிலடித்தார். மேளக்காரர் எதற்கென்று தெரியாமலே கெட்டிமேளம் வாசித்துவிட்டார். பச்சைக் கார் உறுமிக் கிளம்பி, அதற்கப்புறம் எங்கும் நிற்காமல் குவார்ட்டர்ஸ் வாசலில் போய்த்தான் நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். மினி வேன் வெறுமனே திரும்பிப் போனது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜெயராமன் காருக்குப் பக்கத்தில் நின்று வாடிய சாமந்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கறை மட்டும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. கார் ஜெயித்துவிட்டது, இருந்தாலும் அவள் நம்பி ஏறவில்லையே.

பின்னால் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

திரும்பினார். முன்சீட்டில் திலகவதி உட்கார்ந்திருந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு, கடையில் போட்ட மடிப்புகூடக் கலையாமல். தலையில் புதுப்பூ.

"எங்க கெளம்பிட்ட?"

"பண்ருட்டிக்கு. பலாப்பழம் வாங்கணும்."

ஜெயராமன் சாமந்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சாவி ஒரு தடவை கைநழுவி விழுந்தது. திலகவதி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாவே போங்க" என்றாள்.